குவேக்கர் மூதாதையர் பதிவேட்டில் அகப்படாதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

இங்கிலாந்திலோ அயர்லாந்திலோ அமெரிக்காவிலோ வேர்கொண்ட ஒரு குடும்பத்தின் வம்சாவளியைத் தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கித் தேடிக்கொண்டு போகிறவருக்கு, 1650க்கும் 1850க்கும் இடைப்பட்ட காலத்தில் ஒரு குவேக்கர் கிளை எதிர்ப்பட்டுவிட்டால், அதுவரை கைகொடுத்துவந்த வழிகள் ஒவ்வொன்றாக அடைபடத் தொடங்கும். ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேயரின் போதனையை ஏற்று, நண்பர்கள் சங்கம் என்ற கிறிஸ்தவக் குழுவாக ஒன்றுகூடிய குவேக்கர்கள், ஞானஸ்நானத்தையும், குருமார் நடத்திவைக்கும் திருமணத்தையும், மாதங்களுக்கும் கிழமைகளுக்கும் வழக்கில் இருந்த பெயர்களையும், கல்லறைமேல் கல் நாட்டுவதையும் ஒதுக்கினார்கள். மற்றக் குடும்பங்களைத் தேடும்போது நாம் நம்பியிருப்பவை இவைதாம். அதே சமயம், தங்கள் உறுப்பினர்களைப் பற்றி ஓயாமல் எழுதிவைத்தவர்களும் அவர்களே. ஆகவே பெயர் அகப்படவில்லை என்றால், சான்றே இல்லை என்று முடிவுகட்டுவதற்கு முன், பொருந்தாத ஏட்டைத் திறந்து வைத்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் பார்க்க வேண்டியது

குவேக்கர் நிர்வாகம் அடுக்கடுக்கானது. ஊர்தோறும் வழிபாட்டுக் கூட்டம் இருந்தது. அண்டையிலுள்ள சில ஊர்க் கூட்டங்கள் சேர்ந்து ஒரு மாதக் கூட்டம். அதற்கு மேலே காலாண்டுக் கூட்டம். எல்லாவற்றுக்கும் மேலே ஆண்டுக் கூட்டம். 1660களின் பிற்பகுதியில் ஃபாக்ஸ் நாடெங்கும் பயணம் செய்து இந்த அமைப்பை நிலைநிறுத்தினார். குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு இவற்றுள் மிக முக்கியமானது மாதக் கூட்டம். உறுப்பினரைச் சேர்ப்பது, நீக்குவது, திருமணத்துக்கு இசைவு தருவது, ஊர் மாறுகிறவருக்குச் சான்று எழுதிக் கொடுப்பது, ஏழைகளுக்கு உதவுவது ஆகிய யாவும் மாதக் கூட்டத்தின் பொறுப்பில் இருந்தன. அந்த முடிவுகள் ஒவ்வொன்றும் அதன் நடவடிக்கைக் குறிப்பேட்டில், அதாவது மினிட் புத்தகத்தில், தேதியோடு ஏறின.

இணையத்தில் குடும்பப் பெயரைத் தட்டச்சிட்டுத் தேடுவதில் தவறில்லை. ஆனால் அங்கே கிடைப்பவை பெரும்பாலும் பிறப்பு, திருமணம், அடக்கம் ஆகிய மூன்றுதான். சிக்கலை அவிழ்க்கும் செய்தி மினிட் புத்தகத்தில் இருக்கிறது, அதன் பல பகுதிகளுக்கு இன்னும் பெயர் அட்டவணை கிடையாது. எனவே மூதாதையர் எந்த மாதக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று தெரியாமல் அடுத்த அடி வைப்பது வீண் உழைப்பு என்பதே என் கருத்து. கிடைத்திருக்கும் ஏதேனும் ஒரு பதிவில் எந்த ஏட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பு இருக்கும், அதிலிருந்து தொடங்கலாம். மாதக் கூட்டத்தின் எல்லை மாவட்ட எல்லையோடு ஒத்துப்போக வேண்டியதில்லை என்பதையும், இங்கிலாந்தில் இப்போது அந்த அமைப்புக்கு வட்டாரக் கூட்டம் என்று பெயர் மாறியிருப்பதால் காப்பகப் பட்டியல்களில் இரண்டு பெயர்களிலும் தேட வேண்டியிருக்கலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஏடுகள் ஓரிடத்தில் இல்லை. மத்திய ஆவணங்களும் லண்டன் கூட்டங்களின் ஏடுகளும் யூஸ்டன் சாலையிலுள்ள ஃபிரெண்ட்ஸ் ஹவுஸ் நூலகத்தில் இருக்கின்றன; நார்ஃபோக்கின் ஏடுகள் நாரிச்சிலுள்ள ஆவணக் காப்பகத்திலும், யார்க்‌ஷயர் ஏடுகளில் பெரும்பகுதி லீட்ஸ் பல்கலைக்கழக நூலகத்திலும் உள்ளன.

அறிகுறி: பங்குக் கோயில் பதிவேட்டில் ஞானஸ்நானமே இல்லை

பெற்றோரின் பெயர் தெரியும், ஊர் தெரியும், உடன்பிறந்தவர்களின் பெயர்கூடத் தெரியும். ஆனால் அந்த ஊர்ப் பங்குக் கோயிலின் ஏட்டில் ஒரு குழந்தைக்குக்கூட ஞானஸ்நானம் ஆனதாகப் பதிவில்லை. குவேக்கர் குடும்பமோ என்ற ஐயம் எழ இதுவே போதுமான காரணம். அவர்கள் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. குழந்தை பிறந்த நாளை மட்டும் தங்கள் ஏட்டில் எழுதினார்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை 1 முதல் அரசே பிறப்பு, இறப்புகளைப் பதியத் தொடங்கியது. அதையொட்டி, இங்கிலாந்துத் திருச்சபைக்கு வெளியே இருந்த குழுக்களின் பழைய பதிவேடுகளை அரசு கேட்டுப் பெற்றது. குவேக்கர்கள் 1840ஐ ஒட்டித் தங்களுடையவற்றை ஒப்படைத்தார்கள். அவை இன்று லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்.ஜி. 6 என்ற வரிசையில் இருக்கின்றன. அவற்றின் படங்களைக் கட்டணத் தளங்களில் பார்க்கலாம். ஒப்படைக்கும் முன் குவேக்கர்கள் ஒரு காரியம் செய்தார்கள்: எல்லா ஏடுகளிலிருந்தும் சுருக்கம் எடுத்து, காலாண்டுக் கூட்ட வாரியாகவும் பெயரின் முதலெழுத்து வாரியாகவும் அடுக்கி, தொகுப்பேடுகளை இரண்டு படிகளாக எழுதி வைத்துக்கொண்டார்கள். ஒரு படி லண்டனில் இருந்தது, மற்றொன்று அந்தந்தப் பகுதிக்குப் போனது. தேடலைத் தொகுப்பேட்டில் தொடங்கி மூலப் பதிவேட்டில் முடிப்பதே வசதி.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. குவேக்கர் இயக்கம் தோன்றுவதற்கு முந்தைய பிறப்புகள்கூடச் சில ஏடுகளில் காணப்படும். இயக்கத்தில் பின்னர் சேர்ந்த குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளின் பிறந்த நாள்களைப் பிற்காலத்தில் எழுதிவைத்ததால் நேர்ந்தது அது. ஆகவே 1640இல் பிறந்த ஒருவர் குவேக்கர் ஏட்டில் இருக்கிறார் என்பதால், அவருடைய ஞானஸ்நானத்தைப் பங்குக் கோயிலில் தேடாமல் விட்டுவிடக் கூடாது. இரண்டாவதாக, பங்குக் குருவும் குவேக்கர்களை முற்றிலும் புறக்கணித்துவிடவில்லை. 1690களின் நடுவில், போருக்குப் பணம் திரட்டுவதற்காகப் பிறப்பு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின்மீது வரி விதிக்கப்பட்டபோது, ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளின் பிறப்பையும் குறித்துவைக்கும் கடமை குருமார்மேல் விழுந்தது. அந்த ஆண்டுகளின் ஏட்டில், ஓரத்திலோ கடைசிப் பக்கத்திலோ, குவேக்கர் குழந்தை ஒன்றின் பிறந்த நாள் அகப்படுவது உண்டு.

அறிகுறி: தேதிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன

இந்தத் துறையில் மிக அதிகமான பிழைகள் விளையும் இடம் இதுதான். இணையத்திலுள்ள குடும்ப மரங்களில் பாதி வழக்குகள் இங்கேதான் தொடங்குகின்றன. வழக்கில் இருந்த மாதப் பெயர்களில் புறச்சமயத் தெய்வங்களின் சாயல் இருப்பதாகக் கருதி, குவேக்கர்கள் மாதங்களுக்கும் கிழமைகளுக்கும் எண்களை இட்டார்கள். ஞாயிறு முதல் நாள். ஆனால் முதல் மாதம் எது என்பது காலத்தைப் பொறுத்தது. 1752க்கு முன் இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் சட்டப்படி ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. ஆகவே குவேக்கருக்கு மார்ச்சே முதல் மாதம், பிப்ரவரி பன்னிரண்டாம் மாதம். நாள்காட்டியைத் திருத்திய சட்டத்தின்படி 1752 முதல் ஆண்டு ஜனவரி 1இல் தொடங்கியதும், ஜனவரி முதல் மாதமாயிற்று.

ஜார்ஜ் ஃபாக்ஸின் இறப்பையே எடுத்துக்கொள்ளலாம். அக்காலக் கணக்கில் அது 1690ஆம் ஆண்டு பதினோராம் மாதம் 13ஆம் நாள். இன்றைய எழுத்து முறையில் 1691 ஜனவரி 13. பதினொன்று என்றதும் நவம்பர் என்று எழுதுகிறவர், மாதத்தைத் தவறவிடுவதோடு ஆண்டையும் தவறவிடுகிறார்.

இந்தத் தவறு எப்படி ஒரு முரணாக வெளிப்படும் என்பதற்கு ஒரு கற்பனைப் பதிவைப் பார்க்கலாம். தந்தையின் உயிலில் கைக்குழந்தையின் பெயர் இருக்கிறது. அந்த உயிலுக்குப் புரொபேட், அதாவது உயில் செல்லும் என்ற நீதிமன்ற ஒப்புதல், வழங்கிய நாள் 1720 பிப்ரவரி 20 என்று நீதிமன்ற ஏடு சொல்கிறது. குவேக்கர் ஏட்டில் அதே குழந்தையின் பிறப்பு 1720ஆம் ஆண்டு பதினோராம் மாதம் 4ஆம் நாள். இரண்டையும் இன்றைய கண்ணோடு படித்தால், உயிலில் பெயர் எழுதப்பட்ட குழந்தை புரொபேட்டுக்கு எட்டரை மாதம் கழித்தே பிறந்ததாக ஆகிறது. உடனே இன்னொரு குழந்தையைக் கற்பித்து, முதல் குழந்தை இறந்துபோனது, அதே பெயரை அடுத்த பிள்ளைக்கு வைத்தார்கள் என்று கதை கட்டத் தோன்றும். பழைய கணக்கில் படித்தால் குழந்தை பிறந்தது 1721 ஜனவரி 4, புரொபேட் 1721 பிப்ரவரி 20, முரணே இல்லை.

திருத்துவதற்குக் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு எளியது. 1752க்கு முந்தைய பதிவு எதுவானாலும் ஏட்டில் உள்ள எழுத்தை அப்படியே முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு மாத எண்ணோடு இரண்டைக் கூட்டி இன்றைய மாதத்தைக் காண வேண்டும். பதினொன்றும் பன்னிரண்டும் அடுத்த ஆண்டின் ஜனவரி, பிப்ரவரியாகும். அவற்றை 1720/21 என்று இரட்டை ஆண்டாக எழுதுவது வழக்கம். முதல் மாதத்தின் முதல் 24 நாள்களில் மட்டும் எழுத்தர்கள் ஒரே வழக்கைப் பின்பற்றவில்லை. சிலர் மார்ச் 1 முதலே புது ஆண்டை எழுதினார்கள், சிலர் 25 வரை காத்திருந்தார்கள். அந்த நாள்களுக்கு, ஏட்டில் முன்னும் பின்னும் உள்ள பதிவுகளைப் பார்த்து அந்த எழுத்தரின் பழக்கத்தை அறிவதைத் தவிர வேறு வழி இல்லை. பழைய ஏடுகளில் 7 என்ற எண்ணோடு 'பெர்' என்ற எழுத்துகளை ஒட்டி எழுதியிருந்தால் அது செப்டம்பர். 8 ஆனால் அக்டோபர். ஜூலை, ஆகஸ்ட் என்று படித்துவிடக் கூடாது.

1752 செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆனது வேறொரு சிக்கல். அமெரிக்க எல்லைப்புற முன்னோடியான டேனியல் பூனின் பிறந்த நாள் பழைய கணக்கில் 1734 அக்டோபர் 22, புதிய கணக்கில் நவம்பர் 2. இரண்டும் அச்சில் உலவுகின்றன. அந்தப் பதினொரு நாள்களைக் கூட்டி மாற்றி எழுதுவதால் குடும்ப வரலாற்றுக்கு ஒரு பயனும் இல்லை, குழப்பமே மிஞ்சும். ஏட்டில் உள்ள நாளை அப்படியே விட்டுவிடுவது நல்லது. கட்டணத் தளங்களின் அட்டவணைகளில் எண் மாதங்களை இயந்திரமோ விவரமறியாத படியெடுப்பாளரோ நேரடியாக ஜனவரி, பிப்ரவரி என்று மாற்றிவிட்டிருப்பது உண்டு என்பதால், படத்தைத் திறந்து பார்க்காமல் அட்டவணைத் தேதியை ஏற்கவே கூடாது.

அறிகுறி: திருமணம் கிடைத்தது, ஆனால் பெற்றோரையும் உறவினரையும் அடையாளம் காண முடியவில்லை

பார்த்தது தொகுப்பேடாக இருந்தால் இதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. தொகுப்பேட்டில் சாட்சிகளின் பெயர்களை விட்டுவிட்டார்கள். குவேக்கர் திருமணத்தின் வளமோ முழுவதும் சாட்சிகளிடம் இருக்கிறது.

மணமக்கள் மாதக் கூட்டத்தின் முன் தோன்றித் தங்கள் எண்ணத்தை அறிவிக்க வேண்டும். வேறு யாருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறார்களா, பெற்றோர் சம்மதம் உண்டா என்று விசாரிக்கச் சிலரைக் கூட்டம் நியமிக்கும். அடுத்த மாதம் மீண்டும் வந்து தங்கள் எண்ணத்தில் உறுதியாக இருப்பதாகச் சொல்ல வேண்டும். பிறகு ஒரு வழிபாட்டுக் கூட்டத்தில், குரு யாருமின்றி, ஒருவரை ஒருவர் ஏற்பதாக இருவரும் தாமே சொல்லிக்கொள்வார்கள். சான்றிதழ் வாசிக்கப்படும், வந்திருந்தவர்கள் எல்லாரும், பெண்கள் உட்பட, கையொப்பமிடுவார்கள். மணமக்களின் பெயருக்கு நேர் கீழே உள்ள வரிசையில் பெரும்பாலும் நெருங்கிய உறவினர் ஒப்பமிட்டிருப்பார்கள். சான்றிதழின் உள்ளடக்கத்தில் இரு தரப்புத் தந்தையரின் பெயர், ஊர், தொழில், தாயின் பெயர், அவர்களுள் யாரேனும் இறந்துபோயிருந்தால் அந்தச் செய்தி ஆகியவை வரும். அதன் படி மூலப் பதிவேட்டில் எழுதிவைக்கப்பட்டது.

எனவே ஆர்.ஜி. 6இல் உள்ள மூலப் படியைத் திறக்க வேண்டும். அதன்பின் இரு மாதக் கூட்டங்களின் மினிட் புத்தகங்களில், திருமண நாளுக்கு முந்தைய மூன்று மாதங்களைப் படிக்க வேண்டும். மணமகன் வேறு கூட்டத்தவரானால், அவருடைய கூட்டம் கொடுத்த சான்றின் குறிப்பும் அங்கே இருக்கும். பெண்கள் தனியாகக் கூட்டம் நடத்தித் தனிப் புத்தகம் வைத்திருந்தார்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மணமகளைப் பற்றிய விசாரணை அங்கேதான் விரிவாக இருக்கும்.

அறிகுறி: இருபது வயதைத் தாண்டியதும் ஒருவர் ஏட்டிலிருந்து மறைகிறார்

பிறப்பு இருக்கிறது, திருமணம் இல்லை, அடக்கம் இல்லை, பிள்ளைகளும் இல்லை. இளமையில் இறந்திருப்பார் என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. நான் முதலில் ஐயுறுவது சபை விலக்கத்தைத்தான்.

குவேக்கர் அல்லாதவரை மணப்பதும், குவேக்கரையே ஆனாலும் குருவின் முன் நின்று மணப்பதும் விலக்கத்துக்கு உரிய குற்றங்கள். படையில் சேர்தல், கடனைத் திருப்பித் தராமல் நொடித்துப்போதல், குடிப்பழக்கம், நெருங்கிய உறவில் மணம் செய்தல் ஆகியவையும் அப்படியே. ஃபிலடெல்ஃபியா ஆண்டுக் கூட்டம் 1776இல் அடிமைகளை வைத்திருப்பதையும் இந்த வரிசையில் சேர்த்தது. எல்லாவற்றிலும் அதிகமாகக் கண்ணில் படுவது கலப்பு மணமே. இங்கிலாந்தில் 1859–60 வரை இந்தக் கட்டுப்பாடு நீடித்தது.

விலக்கம் ஒரே நாளில் நடக்கவில்லை. செய்தி மாதக் கூட்டத்துக்கு வந்ததும், அவரைச் சந்தித்துப் பேச இருவரை நியமிப்பார்கள். அவர்கள் அடுத்த மாதம் அறிக்கை தருவார்கள். அவர் வருந்திக் கடிதம் எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள். இல்லையென்றால் விலக்கத் தீர்மானம் எழுதப்படும். இந்தப் பதிவுகள் பல மாதங்களுக்கு நீளும். அந்தத் தீர்மானத்தில், யாரை மணந்தார், எங்கே மணந்தார் என்ற விவரம் சில நேரங்களில் வெளிப்படையாகவே இருக்கும்.

இங்கிலாந்தில் 1754 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டம், குவேக்கர், யூதர் ஆகிய இரு சாராரைத் தவிர மற்ற எல்லாரும் பங்குக் கோயிலில்தான் மணம் முடிக்க வேண்டும் என்றது. இதனால் நமக்கு ஒரு நேரான பாதை கிடைக்கிறது. 1754க்கும் 1837க்கும் இடையில் ஒருவர் கலப்பு மணத்துக்காக விலக்கப்பட்டிருந்தால், அவருடைய திருமணம் பங்குக் கோயில் ஏட்டில் இருந்தாக வேண்டும். முதல் முறையீடு எழுந்த மாதத்திலிருந்து பின்னோக்கி ஓராண்டுக்குள், சுற்றுவட்டாரப் பங்குகளில் தேடினால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். அதற்குப் பிந்தைய பிள்ளைகளுக்குப் பங்குக் கோயிலில் ஞானஸ்நானம் நடந்திருக்கிறதா என்றும், வளர்ந்தவரே ஞானஸ்நானம் பெற்றிருக்கிறாரா என்றும் அந்த ஏட்டிலேயே பார்த்துவிடலாம்.

விலக்கப்பட்டவர் வழிபாட்டுக்கு வருவதை யாரும் தடுக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் பின்வரிசையில் அமர்ந்திருந்து, குவேக்கர் நிலத்திலேயே அடக்கமானவர்கள் உண்டு. அடக்கப் பதிவில் உறுப்பினரல்லர் என்பதைக் காட்டும் 'என்.எம்.' என்ற எழுத்துகள் பெயரருகே இருந்தால், பின்னோக்கிப் போய் விலக்கத் தீர்மானத்தைத் தேட வேண்டும்.

டேனியல் பூனின் தந்தை ஸ்குவயர் பூனின் கதையில் இந்த முழு வரிசையும் துலங்கும். பென்சில்வேனியாவின் எக்ஸ்டர் கூட்டத்தைச் சேர்ந்த அவருடைய மகள் சாரா 1742இல் வெளியாரை மணந்தபோது, ஸ்குவயர் கூட்டத்தின் முன் வருத்தம் தெரிவித்து உறுப்பினராக நீடித்தார். சில ஆண்டுகளில் மகன் இஸ்ரேலும் அவ்வாறே மணந்தபோது வருத்தம் தெரிவிக்க மறுத்தார், 1748இல் விலக்கப்பட்டார், 1750இல் குடும்பம் தெற்கு நோக்கி வட கரோலினாவுக்குப் புறப்பட்டது. அமெரிக்கக் கொடியோடு பெயர் பிணைந்துள்ள பெட்சி ராஸ் இன்னொருவர். கிரிஸ்கம் என்ற குவேக்கர் குடும்பத்தில் பிறந்த அவர், 1773இல் ஆங்கிலிக்கரான ஜான் ராஸை மணந்து விலக்கப்பட்டார். பின்னாளில், புரட்சிப் போரை ஆதரித்து விலக்கப்பட்டவர்கள் ஃபிலடெல்ஃபியாவில் அமைத்துக்கொண்ட சுதந்திரக் குவேக்கர் சங்கத்தில் சேர்ந்தார். விலக்கப்பட்டவரைத் தேடும்போது, அவர்கள் கூடிய புதிய குழுவின் ஏட்டையும் பார்க்க வேண்டும் என்பதற்கு அவர் நல்ல சான்று.

அறிகுறி: குடும்பமே ஒட்டுமொத்தமாகக் காணாமல் போகிறது

ஊர் மாறும் உறுப்பினர், தம் மாதக் கூட்டத்திடமிருந்து நற்சான்று பெற்று, போய்ச் சேரும் இடத்தின் மாதக் கூட்டத்தில் கொடுக்க வேண்டும். கடன் ஏதும் இல்லை, யாருக்கும் திருமண வாக்குக் கொடுத்திருக்கவில்லை, ஒழுங்காக வழிபாட்டுக்கு வந்தவர் என்று அது சொல்லும். குடும்பமாகப் போனால், வயது வராத பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். சில வேளைகளில் அந்தப் பட்டியல் ஒன்றே ஒரு குடும்பத்தின் முழு அமைப்பையும் காட்டிவிடும்.

அமெரிக்காவில் இந்தச் சான்றுகளைப் பிடித்துக்கொண்டே ஒரு பெரும் புலம்பெயர்வைப் பின்தொடரலாம். அடிமை முறை நிலவிய கரோலினாக்களை வெறுத்து, 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் குவேக்கர் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக ஓஹையோவுக்கும் இண்டியானாவுக்கும் போயின. தென் கரோலினாவின் புஷ் ரிவர் கூட்டத்தில் 'மயாமிக்குச் சான்று' என்று எழுதப்பட்ட குடும்பம், ஓஹையோவின் மயாமி மாதக் கூட்டத்து ஏட்டில் வரவேற்கப்பட்டிருக்கும். அதே குடும்பம் சில ஆண்டுகளில் இண்டியானாவின் வைட்வாட்டருக்குச் சான்று பெற்றிருக்கும்.

வில்லியம் வேட் ஹின்ஷா தொகுத்து 1936 முதல் வெளிவந்த அமெரிக்கக் குவேக்கர் வம்சாவளிக் களஞ்சியத்தில் இந்தச் செய்திகள் சுருக்கெழுத்தில் உள்ளன. 'ஜி.சி.டி.' என்றால் இன்ன கூட்டத்துக்குச் சான்று வழங்கப்பட்டது, 'ஆர்.ஓ.சி.எஃப்.' என்றால் இன்ன கூட்டத்திலிருந்து சான்றோடு வந்தவர் ஏற்கப்பட்டார், 'எம்.ஓ.யு.' என்றால் சங்கத்துக்கு வெளியே மணந்தவர், 'எம்.சி.டி.' என்றால் ஒழுங்குக்கு மாறாக மணந்தவர். 'டிஸ்' என்றால் விலக்கப்பட்டவர். இவற்றின் அருகே உள்ள தேதி, கூட்டம் முடிவெடுத்த நாளே தவிர அந்தச் செயல் நடந்த நாள் இல்லை. திருமணத் தேதி என்று அதை எடுத்தாண்டிருக்கும் குடும்ப மரங்கள் ஏராளம். களஞ்சியம் எல்லாக் கூட்டங்களையும் தழுவவில்லை என்பதால், அதில் இல்லாதவர் குவேக்கரே இல்லை என்றும் கொள்ளக் கூடாது.

சான்று கிடைக்காமல் புதிய கூட்டத்தில் பெயர் திடீரென்று தோன்றினால், குடும்பம் அசையாமல் கூட்டம்தான் மாறியிருக்கும். மக்கள் பெருகியபோது ஒரு மாதக் கூட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள். வட கரோலினாவின் நியூ கார்டனிலிருந்து 1778இல் டீப் ரிவர் தனிக் கூட்டமாகப் பிரிந்தபோது, அந்த வட்டாரத்துக் குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே இருந்தபடி வேறு ஏட்டுக்கு மாறின. இப்படிப் பிரிந்தவர்களுக்கு இடமாற்றச் சான்று எழுதப்படுவதில்லை. எனவே ஒவ்வொரு கூட்டமும் எந்த ஆண்டில் எதிலிருந்து பிரிந்தது என்று பார்த்துவிட்டு, பிறகு பயணத்தைப் பற்றி யோசிக்கலாம்.

அறிகுறி: 1827க்குப் பின் ஒரே கூட்டத்துக்கு இரண்டு ஏடுகள், குற்றம் எதுவும் சொல்லாத விலக்கம்

இது அமெரிக்காவுக்கே உரிய சிக்கல். 1827இல் ஃபிலடெல்ஃபியா ஆண்டுக் கூட்டம், எலியாஸ் ஹிக்ஸ் என்ற போதகரின் பக்கம் நின்ற ஹிக்ஸைட், அவரை எதிர்த்த ஆர்த்தடாக்ஸ் என்று இரண்டாகப் பிளந்தது. அடுத்த ஆண்டு பிளவு நியூயார்க், ஓஹையோ, பால்டிமோர் முதலிய இடங்களுக்கும் பரவியது. இரு பிரிவும் ஒரே பெயரைச் சொந்தம் கொண்டாடின. ஒரே ஊரில் ஒரே பெயரோடு இரண்டு மாதக் கூட்டங்கள் நடந்தன. ஒவ்வொன்றும் மற்றதில் சேர்ந்தவர்களைத் தன் ஏட்டிலிருந்து விலக்கியது. ஆகவே 1828 வாக்கில் ஒரு குடும்பம் முழுவதும் விலக்கப்பட்டிருந்தால், குடும்பத்தின்மேல் பழி எதுவும் இல்லை. மற்றப் பிரிவின் ஏட்டைத் திறந்தால் போதும். ஃபிலடெல்ஃபியா வட்டாரத்து ஹிக்ஸைட் ஏடுகள் ஸ்வார்த்மோர் கல்லூரியையும் ஆர்த்தடாக்ஸ் ஏடுகள் ஹாவர்ஃபோர்டு கல்லூரியையும் மையமாகக் கொண்டு சேர்ந்தன. 1955இல் இரு பிரிவும் மீண்டும் இணைந்தன. தெற்குக் கூட்டங்களுக்கு வட கரோலினாவின் கில்ஃபோர்டு கல்லூரியையும், இண்டியானாவுக்கு எர்ல்ஹம் கல்லூரியையும் நாட வேண்டும்.

அறிகுறி: அயர்லாந்து ஆவணங்கள் எரிந்துவிட்டன என்று கைவிரிக்கிறார்கள்

1922இல் டப்ளினின் அரசு ஆவணக் காப்பகம் எரிந்தது உண்மை. குவேக்கர் ஏடுகள் அங்கே இல்லை. சங்கத்தின் கையிலேயே இருந்ததால் தப்பித்தன. டப்ளினிலுள்ள குவேக்கர் வரலாற்று நூலகத்தில் அவற்றைப் பார்க்கலாம், இணையத்திலும் படங்கள் உள்ளன. அயர்லாந்தில் மற்றச் சமயத்தாரைவிடக் குவேக்கரைத் தேடுவது எளிது.

அறிகுறி: அடக்கம் ஏட்டில் இருக்கிறது, இடுகாட்டில் கல் இல்லை

தேடுவதை நிறுத்திவிடலாம். கல் நாட்டுவது வீண் பெருமை என்று கருதப்பட்டது. லண்டன் ஆண்டுக் கூட்டம் 1717இல் இருந்த கற்களைக்கூட அகற்றச் சொன்னது. 1850இல்தான் எல்லாருக்கும் ஒரே அளவான எளிய கல்லை அனுமதித்தது. பென்சில்வேனியாவை நிறுவி 1718இல் இறந்த வில்லியம் பென்னுக்கு இங்கிலாந்தின் ஜோர்டன்ஸ் இடுகாட்டில் இன்று காணப்படும் சிறு கல்லும் 19ஆம் நூற்றாண்டில் வைத்ததுதான். கல்லுக்குப் பதிலாக அடக்கப் பதிவையும், இடுகாட்டு வரைபடம் இருந்தால் அதையும் தேட வேண்டும்.

அறிகுறி: குவேக்கர் என்று குடும்பத்தார் சொல்கிறார்கள், ஆனால் ஒரு குவேக்கர் ஏட்டிலும் பெயர் இல்லை

காலத்தை முதலில் கேட்க வேண்டும். மாதக் கூட்டங்கள் நிலைபெறுவதற்கு முந்தைய 1650களிலும் 1660களிலும் ஏடுகள் முழுமையாக இல்லை. அந்தத் தலைமுறைக்கு நல்ல சான்று, அவர்கள் பட்ட துன்பங்களின் பதிவில் கிடைக்கும். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குத் தசமபாகமாகக் கொடுக்க மறுத்ததற்காகவும், சத்தியப் பிரமாணம் செய்ய மறுத்ததற்காகவும், தடையை மீறிக் கூடியதற்காகவும் சிறைப்பட்டவர்களின் பெயர்களையும், பறிமுதலான மாடு, தானியம், பாத்திரம் ஆகியவற்றின் மதிப்பையும் குவேக்கர்கள் விடாமல் எழுதினார்கள். 1650 முதல் 1689 வரையிலான இந்தச் செய்திகளை ஜோசப் பெஸ் 1753இல் இரு பெருந்தொகுதிகளாக மாவட்ட வாரியாக அச்சிட்டார். பெயர் அட்டவணையும் உண்டு. அதே வழக்கு நீதிமன்ற ஏட்டிலும் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் ஊரும் தொழிலும் உறுதிப்படும்.

பிற்காலத்தவரானால், அவர் உறுப்பினரா, வழிபாட்டுக்கு வந்துபோனவரா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 1737இல் லண்டன் ஆண்டுக் கூட்டம் வகுத்த விதிகளால், உறுப்பினரின் பிள்ளை பிறப்பாலேயே உறுப்பினர் ஆனது. வெளியிலிருந்து வந்தவரோ விண்ணப்பித்துச் சேர வேண்டும். சேராமலே பல ஆண்டுகள் வந்துபோனவர்கள் பதிவேட்டில் இல்லாமல், திருமணச் சான்றிதழின் சாட்சி வரிசையிலோ ஏழைகளுக்கு உதவிய கணக்கிலோ மட்டும் எட்டிப் பார்ப்பார்கள். உயிலில் சத்தியம் செய்ததாக இன்றி உறுதி கூறியதாக எழுதியிருப்பதும், குடும்ப விவிலியத்தில் மாதங்களை எண்ணால் குறித்திருப்பதும் வலுவான தடயங்கள்.

இவற்றில் ஒன்றும் பொருந்தவில்லை என்றால் குடும்பக் கதையையே ஐயுற வேண்டியதுதான். பென்சில்வேனியாவில் குடியேறியவர்கள் எல்லாரும் குவேக்கர்கள் இல்லை. லூத்தரன்களும், பிரஸ்பிட்டேரியன்களும், மென்னோனைட்டுகளும் அங்கே ஆயிரக்கணக்கில் வந்தார்கள். கறுப்பு உடையும் எளிய தொப்பியுமாக இருக்கும் ஒரு பழைய புகைப்படத்தைக் கொண்டே பாட்டன் குவேக்கர் என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. குடும்பப் பெயர் ஜெர்மானிய வழியினதாகவும் ஊர் லங்காஸ்டர் மாவட்டமாகவும் இருந்தால், தேட வேண்டியவை மென்னோனைட் ஏடுகளே.